டோக்கன் வைத்த வருஷம்

எங்கள் ஊர்ச் சாமை மில்லில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தவள் நான்தான். அதை யாரும் கேட்கவில்லை. அது இல்லாமல் யாருக்கும் ஒரு வேலையும் நின்றுபோகவில்லை. பெண்கள் குழுவுக்குத் தலைவியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பில் நான் செய்த காரியத்தால் என் ஓரகத்தி முறையுள்ள ஒருத்தி, தன் மார்பில் இருந்த கட்டியைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல இடமில்லாமல், நான்கு மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். இந்தப் பழியை வேறு யார் தலையிலாவது போட முடியுமா என்று நானும் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

மில் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒற்றை அறை. உள்ளே சாமையின் உமியை உரித்து அரிசியாக்கித் தரும் மிஷின் ஒன்று. அது வருவதற்கு முன் உரலில் போட்டுக் குத்திக்கொண்டிருந்தோம். தோளும் இடுப்பும் விட்டுப்போகும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் உலக்கை பிடித்த கை இது, காய்ப்பு இன்னும் போகவில்லை. மிஷின் ஓடிய முதல் நாளில் பாதிப் பேர் அழுதோம், மீதிப் பேர் அழுதவர்களைக் கேலி செய்தோம். அதனால் மாற்றம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மிஷினை எங்கள் உடம்பு கேட்டது. டோக்கனை எந்த உடம்பும் கேட்கவில்லை.

மில்லில் அதற்கென்று ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. வரிசையில் மூட்டைதான் நிற்கும், ஆள் நிற்க மாட்டாள். வந்தவள் தன் மூட்டையைக் கடைசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் பலா மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே ஒருத்தி முறத்தில் கல் பொறுக்குவாள், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் பேன் பார்ப்பாள். முறை வந்ததும் மூட்டையைத் தனியாகத் தூக்கிக் கொட்டக் கூடாது. முன்னால் உரித்து முடித்தவள் நின்று, பின்னால் வருகிறவளின் மூட்டைக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தன் அரிசியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. மூட்டை கனம், மிஷினின் வாய் உயரம், அவ்வளவுதான். கைக்குழந்தையோடு வந்தவளை எல்லாரும் முன்னால் தள்ளிவிடுவார்கள். சண்டைக்காரிகள் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்துவிட்டால், முகத்தை எட்டுக் கோணலாக வைத்துக்கொண்டாவது ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கத்தான் வேண்டும். அதைப் பார்க்கவே சிலர் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள்.

எனக்கு முன் பல வருஷம் தலைவியாக இருந்தவர் இதில் எதையும் தொட்டதில்லை. அவரை நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! பிடித்து வைத்த பிள்ளையார் என்றேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்றேன். அவர் உடம்புக்கு முடியாமல் விலகியபோது நான் வந்தேன். நோட்டுகளையும் மில் சாவியையும் கொடுத்தபோது, "மில்லு அது பாட்டுக்கு ஓடுதுங்க" என்று மட்டும் சொன்னார். அதைச் சோம்பேறியின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மலைக்குக் கீழே ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். நேரத்தை வீணாக்கக் கூடாது, தலைமை என்றால் புதுமை என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். பஸ்ஸில் மலையேறி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் எனக்கு யோசனை ஓடியது. இருபது பெண்கள் அரை நாள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்களே, எவ்வளவு வீண்! ஊர் வந்து சேர்வதற்குள் டோக்கன் என்று முடிவுசெய்துவிட்டேன். சோப்பு டப்பா அட்டைகளைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நேரம் எழுதினேன். முதல் நாளே யாரையாவது என் வீட்டுக்கு அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், அட்டையில் இருக்கும் நேரத்துக்கு வர வேண்டும், கால் மணியில் அரிசியோடு போய்விட வேண்டும். மூட்டையைத் தூக்கிக் கொட்டுவது இனி மிஷின் ஓட்டுகிறவளின் வேலை. அவள் நல்ல வாட்டசாட்டமான ஆள், ஒற்றை ஆளாகத் தூக்கிவிடுவாள்.

கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும், "சரிங்க்கா" என்றார்கள். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. அந்தச் 'சரிங்க்கா'வுக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு என்பது, அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துகொள்ள இஷ்டமில்லை. ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, "அப்ப நாங்க எங்கீங்க்கா உக்கார்றது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"உக்காரவே வேண்டாம் புள்ள. அதுக்குத்தானே இது!" என்றேன். நன்றாகப் பதில் சொன்னதாக எனக்குப் பெருமை வேறு.

டோக்கன் ஓடத் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. ஒரு மாதத்தில் மரத்தடி காலியாகிவிட்டது. பெண்கள் குழுக்களைக் கவனிக்கிற ஆபீசிலிருந்து சார் ஒருவர் வந்து அட்டைகளைப் போட்டோ பிடித்தார், என்னையும் மிஷின் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தார். அந்தப் படத்தை என் மகன் செல்போனில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினான். நானும் காட்டினேன்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகனின் மனைவி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் புருஷன் கீழே கட்டட வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை வருவான். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிளகுக்கொடி பத்துப் பதினைந்து, கொஞ்சம் சாமைக்காடு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, இதுதான் அவள் உலகம். அதிர்ந்து பேச மாட்டாள். தனக்கு ஒன்று என்றால் அடுத்தவர் வாசல் ஏறிப் போய்ச் சொல்லவே மாட்டாள். அதுவும் இந்த மாதிரி விஷயத்தை எப்படி மெனக்கெட்டுப் போய்ச் சொல்வது? போய்ச் சொன்னால் பெரிய சங்கதி ஆகிவிடும். மரத்தடியில் என்றால் பேச்சோடு பேச்சாக வரும். கல் பொறுக்கிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "இங்க ஒண்ணு கல்லாட்டம் இருக்குதுங்க்கா, வலியே இல்ல" என்று சொல்லிவிடலாம். நாலு பேர் பதறுவார்கள், இரண்டு பேர் திட்டுவார்கள், மறுநாள் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிடுவாள். இப்படி நடந்தும் இருக்கிறது. எங்களில் ஒருத்திக்கு மாதக்கணக்கில் நிற்காமல் இருந்த உதிரப்போக்கு அந்த மரத்தடியில்தான் வெளியே வந்தது. அன்றைக்கு அவளைத் திட்டிய இரண்டு பேரில் நானும் ஒருத்தி. அதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த உட்காருதலை வீண் நேரம் என்று கணக்குப் போட்ட என் புத்தியை எதால் அடிப்பது?

தை மாதம் குளிக்கும்போதுதான் முதலில் கையில் தட்டுப்பட்டதாம். அந்த மாதம் மில்லுக்கு வந்திருக்கிறாள், எனக்கு நினைவில்லை. மாசியில் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்று நான் மில்லில் இருந்தேன். அவள் சாமை உரித்து முடிந்து, அரிசி சாக்கில் விழுந்தாகிவிட்டது. அவள் கிளம்பாமல் மிஷின் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, அரிசி சரியா வரலையா?" என்றேன்.

"வந்துருச்சுங்க்கா."

"அப்புறம் என்ன, நவுரு. அடுத்த டோக்கன் நிக்குது பாரு."

சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வலது தோளில் போட்டுக்கொண்டு போனாள். எப்போதும் இடது தோளில் சுமக்கிறவள். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பின்னால் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்த நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது. பங்குனியிலும் வந்தாள், சித்திரையிலும் வந்தாள். அந்த இரண்டு தடவையும் பலா மரத்தடியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டுப் போனதாக மிஷின் ஓட்டுகிறவள் பிறகு சொன்னாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்தாளாம்.

வைகாசியில் ஊர்ப் பொங்கல். கோயிலுக்குப் பின்னால் சமையல். சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவளும் துணியைச் சுற்றிப் பிடித்தோம். தூக்கியதும் அவள் பக்கம் சரிந்தது. கொதிக்கிற கஞ்சி என் காலில் தெறித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏம்புள்ள, சோறு திங்கறதில்லையா நீ? என்ன சொகுசு!"

"இந்தக் கை தூக்க வர மாட்டேங்குதுங்க்கா" என்றாள்.

சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. அண்டாவை வேறு ஆளிடம் விட்டுவிட்டு அவளைக் கோயில் மதிலோரமாகக் கூட்டிப்போனேன். அவள் முந்தானையை விலக்கிக் காட்டினாள். பார்த்தேன். தோல் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது, அக்குளில் இன்னொன்று திரண்டிருந்தது. அட சாமி, இதை வைத்துக்கொண்டா இவள் காட்டுக்குப் போனாள், மூட்டை சுமந்தாள், பொங்கலுக்கு வந்து எல்லாருக்கும் வெங்காயம் அரிந்து கொடுத்தாள்!

மறுநாள் விடியும் முன் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். தன்மையான பெண். பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எப்பம்மா இதை மொதல்ல பாத்தீங்க?"

"தையிலீங்க."

"அஞ்சாவது மாசம் நடக்குது. யார்கிட்டயும் சொல்லணும்னு தோணலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தோணலீங்க" என்றாள்.

அது பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் வந்து ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள், அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

"நெசமாலுமே யார்கிட்டயும் சொல்லணும்னு தோணலையா புள்ள?"

பஸ் நாலைந்து வளைவு ஏறிவிட்டது.

"சொல்லத்தானுங்க்கா மில்லுக்கு வந்தேன். நாலு தடவையும் அதுக்குத்தான் வந்தேன். ஆனா அரிசி வந்துருது. வந்துட்டா அப்புறம் என்னன்னு அங்க நிக்கறது?"

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஏதாவது இரண்டு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், வலது கையால்.

ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அவள் புருஷன் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான். நானும் எத்தனையோ தடவை போனேன். சாமைக்கதிர் பழுக்கிற சமயத்தில் போய்விட்டாள். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை தனியாகக் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா, ஆனா இதுல ஒவ்வொரு மாசமும் பெருசுதான்" என்றார். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேற்றியவர்கள் உண்டு. எனக்கு இரண்டாம் பாதிதான் காதில் நிற்கிறது.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டோக்கன் அட்டைகளை அடுப்பில் போட்டேன். நாளையிலிருந்து பழைய மாதிரியே மூட்டை வரிசைதான் என்று அறிவித்தேன். பாருங்கள், அப்போதும் அறிவிக்கத்தான் செய்தேன், யாரையும் கேட்கவில்லை! 'சரிங்க்கா' என்றார்கள். மூட்டைகள் வரிசைக்கு வந்துவிட்டன, ஆட்கள் மரத்தடிக்கு வரவில்லை. மூட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், முறை நெருங்கும்போது வந்தார்கள். கால் மணிக்குப் பழகிவிட்ட கால்கள். சின்ன வயதுக்காரி ஒருத்தி என்னிடம் நேராகவே சொன்னாள்: "டோக்கன் எனக்கு வசதியா இருந்துச்சுங்க்கா. ஊட்ல கைப்புள்ளைய உட்டுட்டு வாரேன்."

பழைய நானாக இருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். உனக்கு என்ன செய்தால் ஆகும் என்றேன். "முன்ன மாதிரி பச்சப்புள்ளக்காரிய மொதல்ல உட்டாப் போதுமுங்க" என்றாள். அது ஏற்கெனவே இருந்ததுதான், டோக்கன் போட்டு நான்தான் அழித்திருந்தேன். நான் சிரிக்கவா அழவா என்று நின்றேன். ஒரே கூட்டத்தில், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நான் எடுத்துப் போட்டது திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் செய்ததெல்லாம், முறம் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்ததுதான். முதலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசியிருப்பார்கள், பேசட்டும். பிறகு ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர் வந்தார்கள்.

இப்போதும் நான்தான் தலைவி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. கூட்டத்தில் யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால் நல்லது கெட்டது பார்ப்பதற்கு முன், இது யாருக்கு வேண்டும் என்று கேட்கிறேன். முக்கியமாக, எனக்கே ஒரு யோசனை வந்து கை பரபரக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். பெல்ட் தேய்ந்ததை மாற்றினோம், ஒழுகிய கூரை ஓடுகளை மாற்றினோம், அதற்கெல்லாம் யோசிக்கவில்லை. சும்மா இருப்பதற்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எதையும் மாற்றாத தலைவிக்கு யாரும் போட்டோ பிடிக்க மாட்டார்கள். என்னையும் பின்னால் வந்த பெண்கள் பிடித்து வைத்த பிள்ளையார் என்று சொல்வதாகக் காதில் விழுந்தது. சொல்லட்டும்.

போன மாதம் அந்த ஆபீஸ் சார் போன் செய்தார். வாசலூர்பட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் புது மில் ஓடுகிறது, கூட்டம் அதிகம், உங்கள் டோக்கன் முறையை அங்கே வந்து சொல்லிக்கொடுங்கள் என்றார். அந்தப் பழைய போட்டோ இன்னும் அவரிடம் இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதை எப்போதோ விட்டுவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்று நேரிலேயே போனேன்.

மில் வாசலில் மூட்டைகள் வரிசையாக இருந்தன. தகரச் சாய்ப்புக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார் என்னை அவர்கள் முன்னால் நிறுத்தினார்.

"அக்கா ஊர்லதான் இதை மொதல்ல கொண்டுவந்தாங்க. நீங்களே சொல்லுங்கக்கா, டோக்கன் போட்டதுல எவ்வளவு நேரம் மிச்சமாச்சு?"

"மிச்சமாகலீங்க சார். நாலு மாசம் போயிருச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "பழகறதுக்கு நாலு மாசம் ஆயிருச்சா?" என்றார்.

"இல்லீங்க சார். அந்த டோக்கனை நாங்க எடுத்தே போட்டாச்சு. இங்க எதையும் மாத்த வேண்டாமுங்க. இவங்க யாராச்சும் வேணும்னு கேட்டாங்களா?"

சார் அந்தப் பெண்களைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிங்க" என்று நாலைந்து குரல்கள் வந்தன. அந்தக் குரல் எனக்குத் தெரியாததா? அவர் முகம் சுண்டிவிட்டது, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார். நான் கிளம்பலாம் என்று திரும்பியபோது, தூணோரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி என் சேலை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். முகம் தெரியாதவள், போய்ச் சேர்ந்த என் ஓரகத்தியின் வயதுதான் இருக்கும்.

"யாருக்குங்க்கா நாலு மாசம் போச்சு?" என்று கேட்டாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூட்டைக்கு முன்னால் இன்னும் எட்டு மூட்டைகள் இருந்தன.